கூப்பிடுவான் பாரு

எங்கள் வீட்டு டிவியில் ஒரு வெள்ளைக்காரி பல மாதங்களாகப் பெட்டியைத் திறக்காமல் நிற்கிறாள். டிவியைப் போட்டால் முதலில் வருவது அவள் முகம்தான். கீழே 'தொடர்ந்து பார்க்க' என்று எழுதியிருக்கும். என் வீட்டுக்காரர் பாதியில் நிறுத்திவிட்டுப் போன நிகழ்ச்சி அது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், இவள் மட்டும் பெட்டி மேல் கையை வைத்தபடி சிரித்துக்கொண்டே நிற்கிறாள். "பாவி மகளே, ஒண்ணு தொறந்து தொலை, இல்லன்னா வீட்டைப் பாத்துப் போ" என்று ஒருநாள் வாய்விட்டே திட்டிவிட்டேன். எங்கள் வீட்டுக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் நினைத்துக்கொண்டார்களாம்.

அவருக்குப் பாத்திரக்கடை. எவர்சில்வர், பித்தளை, அலுமினியம் எல்லாம் உண்டு. கல்யாணச் சீர் எடுப்பதற்கு எங்கள் ஊரை ஒட்டி இருக்கிற தருவைகுளத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். கல்யாணமான புதிதில் மத்தியானச் சாப்பாட்டை நான்தான் கடைக்குக் கொண்டுபோவேன். அப்போது பார்த்துப் படித்ததுதான் எங்கள் ஊர்ப் பேரம். அதில் வாயால் பேசுவது பாதிதான், மீதியைக் கால் பேசும். வந்தவள் ஒரு விலை கேட்பாள். இவர் கட்டாது என்பார். அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடப்பாள். வேகமாகப் போய்விடக் கூடாது. கூப்பிட்டால் காதில் விழுகிற தூரத்துக்குள், சேலைத் தலைப்பைச் சரிசெய்கிற மாதிரி, வெயிலை அண்ணாந்து பார்க்கிற மாதிரி, மெதுவாகப் போக வேண்டும். திரும்பி மட்டும் பார்க்கவே கூடாது. பார்த்தால் போச்சு, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைக்காரரும் லேசில் கூப்பிட மாட்டார். அவள் அடுத்த கடை வாசலைத் தாண்டப் போகிற நேரம் பார்த்து, "எக்கா, இங்கன வாங்க. என்ன விலைக்குத்தான் கேக்கிய, சொல்லுங்க" என்பார்.

செருப்புச் சத்தத்தை வைத்தே யார் நிஜமாகப் போகிறாள், யார் நடிக்கிறாள் என்று சொல்லிவிடுவேன் என்று அவருக்கு ஒரு பெருமை. நானும் விடமாட்டேன். என்னைப் பெண் பார்க்க வந்தபோது நகை விஷயத்தில் பேச்சு முறிந்து அவர் வீட்டு ஆட்கள் எழுந்து போனார்கள். தெருமுனைக்குப் போகுமுன் என் அப்பா பின்னாலேயே ஓடிப்போய் அழைத்து வந்தார்.

"எங்கப்பா அன்னைக்குக் கூப்பிடாம இருந்திருந்தா உங்க கதி என்னாயிருக்கும்?" என்பேன்.

"கூப்பிட்டாருல்லா?" என்பார். அதற்குமேல் அவரிடம் பேச முடியாது.

பிறகு ஜனங்கள் கடைக்கு வந்து குக்கரைத் தூக்கிப் பார்த்து, போட்டோ எடுத்து, அதே குக்கரைப் போனில் தேட ஆரம்பித்தார்கள். இவர் கண் முன்னாலேயே தேடுவார்கள். "அண்ணாச்சி, இதுல உங்க விலையை விடக் கம்மியா போட்டிருக்கானே" என்று இவரிடமே காட்டுவார்கள். அப்படிப் போகிறவர்கள் நிஜமாகவே போனார்கள், கூப்பிட்டாலும் திரும்பவில்லை. கடைசியில் கடையை ஒரு செல்போன்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் வந்து உட்கார்ந்தார். வீட்டில் சும்மா இருக்கிற கடைக்காரரை வைத்துச் சமாளிப்பது என்ன பாடு என்று எனக்குத்தான் தெரியும். சட்டியைக் கவிழ்த்து எடை பார்ப்பார், பருப்பு டப்பாவைத் தட்டிப் பார்ப்பார். சென்னையில் இருக்கிற எங்கள் மகள் என் புலம்பல் தாங்காமல் ஒரு பெரிய டிவி வாங்கி அனுப்பினாள்.

அதில்தான் அவர் உலகத்தைச் சுற்றினார். நாடகம் பார்க்கமாட்டார், சினிமாவும் பிடிக்காது. ஊர் ஊராகப் போட்டி நிகழ்ச்சிகளாகத் தேடிப் பார்ப்பார். ஜப்பான்காரர்கள் தலையில் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்க, ஒரு பெரிய சுவர் நகர்ந்து வரும். சுவரில் வெட்டியிருக்கிற ஓட்டைக்குத் தக்கபடி உடம்பை வளைத்து நுழைய வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீருக்குள் தள்ளிவிடும். இவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி, பொருளைக் காட்டி விலையைச் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளையே கொடுத்துவிடுவார்கள். "ஏளா, சோப்பு விலை தெரியாம ஒரு பொம்பள முழிக்கா பாரு!" என்று அடுப்படி வரைக்கும் கேட்கக் கத்துவார். இத்தாலியோ, அரபுநாடோ, பேசுவது ஒரு எழவும் புரியாது.

"இது என்ன பாஷைங்க? என்னத்தைப் புரிஞ்சு பாக்குதீங்க?" என்று கேட்டால், "வெலைக்குப் பாஷை எதுக்குளா?" என்பார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு உயிர் அந்தப் பெட்டி விளையாட்டுதான். மூடின பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு தொகை இருக்கும். ஆட வந்தவர் பெட்டிகளைத் திறந்துகொண்டே போக வேண்டும். நடுவில் ஒரு டெலிபோன் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒருவன், 'இவ்வளவு தருகிறேன், ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறாயா?' என்று பேரம் பேசுவான். வேண்டாம் என்றால் அடுத்த சுற்றில் மறுபடி அடிப்பான். நாட்டுக்கு நாடு ஆள்தான் மாறும், டெலிபோன் மாறாது. இவர் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "வேண்டாம்னு சொல்லுலே! மறுபடியும் கூப்பிடுவான் பாரு!" சில பேர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக் கடைசியில் ஒன்றுமில்லாத பெட்டியைத் திறந்துவிட்டு நிற்பார்கள். அப்போது மட்டும் ரிமோட்டை எடுத்து வேறு நாட்டுக்குப் போய்விடுவார்.

தன் கடையை மூடவைத்த ஆன்லைன் வியாபாரத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. மகள் போனில் போட்டுக் கொடுத்ததும் வாங்கப் பழகினார். எங்கள் ஊர் வழக்கப்படிதான் பழகினார். பொருளைக் கூடையில் போடுவார். பணம் கட்டுகிற இடம் வரைக்கும் போவார். அப்படியே போனைக் குப்புற வைத்துவிட்டு எழுந்து முற்றத்துப் பக்கம் நடப்பார். திரும்பிப் பார்க்கமாட்டார்.

"போனுக்குக் கண்ணு இருக்காக்கும், நீங்க போறதைப் பாக்கதுக்கு?" என்று நான் சிரித்தேன்.

ரெண்டு நாள் கழித்துப் போன் டிங்கென்றது. 'நீங்கள் விட்டுச் சென்ற பொருள் உங்களுக்காகக் காத்திருக்கிறது. விலை குறைந்துள்ளது.' அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடையை மூடிய பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. "பாத்தியாளா, கூப்பிடுதான்!" என்று போனைத் தூக்கிக்கொண்டு வீடெல்லாம் சுற்றினார். அதற்குப் பிறகு மிக்ஸி, டார்ச் லைட், கொசு பேட் எல்லாமே அப்படித்தான் வந்தன. எல்லாமே அவர் கேட்ட விலையில்.

பிறகு நெஞ்சில் அந்த வலி வந்தது. மாடி ஏறினால் வரும், உட்கார்ந்தால் போய்விடும். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரத்தக்குழாயில் அடைப்பு, தள்ளிப்போடாமல் சரிசெய்துவிட வேண்டும் என்றார் டாக்டர். அதன் பிறகு காலையில் நடக்க வேண்டும், நல்ல ஷூ வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். ஷூவை அங்கேயே, பெஞ்சில் உட்கார்ந்தபடி, போனில் கூடைக்குள் போட்டுவிட்டார். பிறகு கவுண்டருக்குப் போனோம். அங்கே இருந்தவர், எல்லாம் சேர்த்து இதுதான் பேக்கேஜ் என்று ஒரு தொகையைச் சொன்னார். இவர் ஒரு விலை கேட்டார். ஆஸ்பத்திரியில்! எனக்கு மானம் போயிற்று. அந்த மனிதர், இது பிக்ஸட் ரேட் சார் என்றார்.

"சரி, பாக்கோம்" என்று இவர் எழுந்தார்.

அந்த நடையை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். மெதுவாக, சட்டைக் கையை மடித்துவிட்டபடி, சுவரில் மாட்டியிருந்த படத்தை நின்று பார்த்தபடி போனார். திரும்பவே இல்லை. நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கவுண்டர்காரர் அடுத்த ஆளோடு பேச ஆரம்பித்திருந்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தது, நாங்கள் வெளியே வந்தோம், அது தானாக மூடிக்கொண்டது. வாசலில் செருப்பை மாட்ட அவர் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதற்குள் ஒரு கல்யாணச் சீரே எடுத்துவிடலாம்.

பஸ்ஸில் சண்டை போட்டேன். ஜனங்கள் பார்க்கிறார்கள் என்றுகூட நான் பார்க்கவில்லை. "பணமா இல்ல நம்மகிட்ட? கடை வாடகை வருது, பேங்க்ல கெடக்கு, எதுக்குங்க இந்தக் கூத்து?"

"பணம் கெடக்குளா. சொன்ன வெலைக்கு வாங்குனா நான் என்ன கடைக்காரன்? நாளைக்குக் கூப்பிடுவான் பாரு."

அப்படிச் சொன்னவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். புதுக்கோட்டை தாண்டி, ஊருக்குள் வந்து, பஸ் நின்ற பிறகும் விடவில்லை. கை ஜில்லென்று இருந்தது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் பெரிதாக இருந்தது. இப்போது நினைத்தால், அந்த மனிதர் நடுநடுங்கிப் போயிருந்தார் என்றுதான் தோன்றுகிறது. பயம் வந்தால் சிலர் சாமியைக் கும்பிடுவார்கள், சிலர் அழுவார்கள். இவருக்குத் தெரிந்தது எழுந்து நடப்பது மட்டும்தான்.

மகள் என் போனில் கத்தினாள், அழுதாள். டிக்கெட் போட்டு வருகிறேன், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். இவர், ஆஸ்பத்திரிக்காரன் கூப்பிடுவான் என்று தன் போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு வாரம் பொறு" என்றார். ஜப்பான்காரர்கள் தண்ணீரில் விழுந்தபோது சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் நகர்ந்து வரும்போது அவர் தோளும் லேசாக ஒருக்களிப்பதை நான் பார்த்தேன்.

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு காலைநேரம், நான் அடுப்படியில் இருந்தேன். டிவியில் டெலிபோன் அடிக்கிற சத்தம். சத்தம் பட்டென்று நின்றது. எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறார். "ஏளா, இங்கன வா. இப்பம் பாரு, கூப்பிடுதான்" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். அந்த வெள்ளைக்காரி பெட்டி மேல் கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவர் ரிமோட்டைப் பிடித்தபடி தலையைச் சாய்த்திருந்தார். நான் கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கிக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக் கூடாது. அங்கேயே நின்றேன். சங்குச் சத்தத்துக்கு நடுவில் அவர் மெதுவாகத்தான் போனார். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். துறைமுகத்துப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதிற்று, அது எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அதிலிருந்து அவர் போன் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. நான் சாப்பிட உட்காருவேன், டிங் என்னும். 'நீங்கள் விட்டுச் சென்றது காத்திருக்கிறது.' கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவேன், டிங். 'விலை குறைந்துள்ளது, திரும்பி வாருங்கள்.' அந்த ஷூதான். ஒவ்வொரு தடவையும் என் கண் அவர் நாற்காலிக்குத்தான் போகிறது. தெருவில் யாராவது ரப்பர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்தால் ஜன்னலுக்கு ஓடுகிறேன். யாரோ போகிறார்கள், முதுகுதான் தெரிகிறது. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவதில் எனக்கு வெட்கமில்லை. ஆனாலும் சத்தம் வராத நாளில் அதைவிடப் பயமாக இருக்கிறது. அந்த நம்பரை நிறுத்திவிடலாம் என்று மகள் சொன்னபோது, "ஒன் சோலியப் பாரு" என்று சொல்லிவிட்டேன். தினமும் நானே சார்ஜ் போடுகிறேன்.

போன வாரம் மத்தியானம் டிங் என்று இல்லாமல் நிஜமாகவே மணி அடித்தது. எடுத்தேன். ஒரு சின்னப் பெண்ணின் குரல். திருநெல்வேலி ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். "சார் நம்ம கிட்ட ஹார்ட் பேக்கேஜ் விசாரிச்சிருந்தாங்க மேடம். அதுல இப்ப ஒரு சலுகை வந்திருக்கு. சார் கிட்ட பேசலாமா?"

எவ்வளவு என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது, வாய் கேட்டுவிட்டது. அவள் சொன்னாள். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் நின்றுகொண்டு இவர் கேட்டாரே, அதற்கும் கீழே.

நாற்காலியைப் பார்த்தேன். டிவியில் அவள் பெட்டி மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா? சார் வெளிய போயிருக்காங்களா? நான் வேணும்னா அப்புறம் கூப்பிடட்டுமா?"

"அப்புறம் வேண்டாம் தாயி, இப்பமே கூப்பிடு" என்றேன். "அவுக திரும்பிப் பாக்க மாட்டாக. ஆனா மெதுவாத்தான் போயிருப்பாக. கொஞ்சம் சத்தமாக் கூப்பிடு."