புள்ள வண்டில் தேடிக் கல்முனைக்கு

பாலமுனையில் காலை ஏழே காலுக்குக் கல்முனை பஸ் ஏறினோம். நான், மனைவி பரீனா, ஒன்றரை வயது மகள் ஹனா. யுத்தம் முடிந்த அடுத்த வருசம், ஒரு சனிக்கிழமை. ஆளுக்கு முப்பது ரூபா ரிக்கெற், தூரம் இருபது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தூரத்துக்குப் போய் வந்ததையும் ஒரு பயணம் என்று எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லண்டன் போனவர்கள் லண்டனைப் பற்றி எழுதுகிறார்கள், நான் கல்முனை போனதை எழுதுகிறேன். ஒற்றைக் கையால் மடக்கக்கூடிய புள்ள வண்டில், அதாவது குழந்தையை இருத்தித் தள்ளுகிற வண்டி, தேடி அவர்களில் ஒருவரும் எங்கேயும் போனதாக நான் வாசித்ததில்லை.

கைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். சுனாமியன்று என் இடக்கை ஒரு கொங்கிறீட் தூணுக்கும் அடித்துக்கொண்டு வந்த வள்ளத்துக்கும் நடுவில் மாட்டியது. கை இருக்கிறது, பார்வைக்கு நல்ல கைதான். ஆனால் முழங்கை மடியாது, விரல்கள் எதையும் பிடிக்காது. அதே அலையில் பரீனாவின் உம்மாவும் மௌத்தாகிவிட்டார். எங்கள் பகுதியில் கலியாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டில்தான் போய் இருப்பான். பிள்ளை பிறந்தால் மாமியார் பக்கத்திலேயே இருப்பார், தூக்குவார், குளிப்பாட்டுவார். எங்கள் வீட்டில் அப்படித் தூக்க ஆளில்லை.

இந்த நிலையில்தான் பரீனாவுக்குச் சாய்ந்தமருதில் ஆசிரியை நியமனம் வந்தது. எத்தனையோ வருசம் பார்த்துப் பார்த்திருந்த நியமனம். திங்கட்கிழமை போய்ப் பொறுப்பேற்க வேண்டும். பிள்ளையை யார் பார்ப்பது? நான் பார்க்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். என்னுடைய கொமியூனிகேசன் கடை, அதாவது போட்டோக் கொப்பியும் போன் ரீலோடும் போடுகிற சின்னக் கடை, வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர். ஹனா பதினொரு கிலோ. ஒற்றைக் கையில் பாதி வழிதான் தாங்கும். சைக்கிள் ஓட ஏலாது, நாளாந்தம் ஆட்டோ பிடிக்கவும் கட்டாது. வண்டிலில் தள்ளலாம், ஆனால் அந்தச் சின்னக் கடைக்குள் அதை மடக்கித்தான் வைக்க ஏலும். உண்மையைச் சொன்னால், ஹனா பிறந்த நாளிலிருந்து அவளோடு நான் தனியாக வாசலைத் தாண்டியதே இல்லை.

"வேணாம், நான் போகல்ல" என்று பரீனா வியாழக்கிழமை சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். பீங்கான் கழுவிக்கொண்டே, அமைதியாகச் சொன்னாள்.

"சனிக்கிழமை கல்முனைக்குப் போவம். வண்டில் ஒண்டு பார்ப்பம். கிடைக்காட்டி நீ சொல்றதுதான்" என்றேன்.

இப்படியாகத்தான் பயணம் புறப்பட்டது. ஒலுவில் தாண்டி, களியோடைப் பாலம் ஏறி இறங்கி, நிந்தவூர். பிறகு வயல்வெளி. ஹனா பரீனாவின் மடியில் நின்று ஜன்னலால் கொக்குகளுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தாள். காரைதீவு நெருங்கும்போது என் வலக்கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. போன வருசம் வரைக்கும் அங்கே இருந்த ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி நடந்துபோய், அந்தப் பக்கம் திரும்ப ஏற வேண்டும். பையைப் பிடித்தால் அட்டையைப் பிடிக்கக் கை இல்லை எனக்கு. பரீனா அட்டையை என் பல்லுக்கு நடுவில் செருகி விடுவாள், ஆமிக்காரன் என் வாயிலிருந்து எடுத்துப் பார்ப்பான். அன்றைக்குப் பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. கிழிந்த மண்மூட்டைகளின் மேல் ஒரு ஆடு நின்றது, அவ்வளவுதான்.

"கைய எடுங்க, ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று பரீனா சிரித்தாள். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

கல்முனை பஸார் எட்டரைக்கெல்லாம் களைகட்டிவிடும். முதலில் போனது ஒரு பெரிய புடவைக் கடை. மேல்மாடியில் பிள்ளைகளின் சாமான்கள். அங்கே ஒரு வண்டில் நின்றது, சுபஹானல்லாஹ், மாப்பிள்ளைக் கார் மாதிரி! மேலே கூரை, கீழே கூடை, முன்னுக்குப் பால் போத்தல் வைக்க ஓட்டை. விலை பதினாலாயிரத்து ஐந்நூறு. விற்பனையாளர் துபாயிலிருந்து வந்த சாமான் என்று மூன்று தடவை சொன்னார்.

"மடக்கிக் காட்டுங்க தம்பி."

இரண்டு பக்கமும் இருந்த பொத்தான்களை இரண்டு கையாலும் அமத்தி, முழங்காலால் ஒரு தட்டு. மடிந்தது.

"ஒரு கையால?"

"ஒரு கையால என்னத்துக்கு காக்கா? ரெண்டு கை இருக்கே" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னவர், சொன்ன பிறகுதான் என் கையைப் பார்த்தார். பாவம், முகம் கறுத்துவிட்டது. "அது போகட்டும், நான் ஒருக்கா பாக்கிறன்" என்று நானே முயன்றேன். ஒரு பொத்தானைக் கையாலும் மற்றதைக் குனிந்து நாடியாலும் அமத்தினேன். வண்டில் அசையவில்லை, என் பெருவிரல்தான் நசிந்தது. ஹனா கைதட்டினாள்.

இரண்டாவது கடை பிளாஸ்ரிக் சாமான் விற்கும் ஹாஜியாருடையது. அவரிடம் குடை மாதிரிச் சுருங்குகிற வண்டில் இருந்தது. ஆறாயிரத்து எழுநூற்றைம்பது. காலால் ஒரு உதை, கையால் ஒரு தள்ளு, மடிந்துவிடும். எனக்கு உசிர் வந்தது. ஆனால் பரீனா இலேசில் நம்புகிற ஆள் இல்லை. பக்கத்துக் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை ஒன்றைக் கேட்டு வாங்கி, வண்டிலில் இருத்தி, பட்டியும் போட்டு, "இப்ப தள்ளுங்க, தெருவில இல்ல, ஓரத்து மண்ணில" என்றாள். சாமான் வாங்க வந்த சனம் நின்று பார்த்தது. ஒரு பெரியவர் அரிசிப் பைக்கு "மாஷா அல்லாஹ்" வேறு சொல்லிவிட்டுப் போனார். ரோட்டு விளிம்பு மணலில் இறங்கியதுதான் தாமதம், அடியில் உருண்ட பிஸ்கட் அளவுச் சில்லு நாலும் புதைந்து, அரிசிப் பை குப்புற விழுந்தது.

வீட்டுக்குப் போகிற எங்கள் ஒழுங்கை முழுக்கக் கடற்கரை மணல். பரீனா அரிசிப் பையைத் தூக்கித் தூசி தட்டிக் கொடுத்தாள். ஹாஜியார் நல்ல மனுசன். "வெளிநாட்டுச் சாமான் வெளிநாட்டு ரோட்டுக்குத்தான் தம்பி. இஞ்ச நான் இதுவரைக்கும் விக்கிறது கட்டார்ல மாப்பிள்ளை இருக்கிற ஆக்களுக்கு. அவங்க விறாந்தைக்குள்ளதான் உருட்டுவாங்க" என்றார்.

இன்னும் இரண்டு கடை ஏறி இறங்கினோம். பன்னிரண்டு மணியாகியும் வண்டில் இல்லை. பரீனாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் வரவில்லை.

லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் சாய்ந்தமருதில் சாச்சி வீட்டுக்குப் போனோம். சாச்சி என்றால் பரீனாவின் உம்மாவுக்கு இளைய தங்கச்சி. கடற்கரையில் இருந்த வீடு அலையோடு போய், பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறார். ஆட்டோவுக்கு நூறு ரூபா. கேற்றைத் திறந்து உள்ளே போனதும் ஹனா பரீனாவின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினாள். கிணற்றடியில் ஒரு வண்டில் நின்றது. மூன்று சில்லு, ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். வெளுத்துப்போன நீலத் துணி. அதற்குள் ஒரு தண்ணீர்க் கேன் இருந்தது.

"இது எங்கால சாச்சி?"

"அதுவா? முகாமில இருக்கக்குள்ள நிவாரணக் கொண்டெய்னர்ல வந்த. எந்த நாட்டானோ குடுத்தான். குளிருக்குப் போடுற கம்பளிக் குல்லாவும் அதோட வந்த! புள்ளய யாரு, மகன், அதில வைக்கிற, தூக்கித் தூக்கித்தானே வளத்த. தண்ணிக் கேன் இழுக்க நல்லம். மண்ணில சும்மா ஓடும்."

மண்ணில் ஓடும் என்றதும் நானும் பரீனாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"மடியுமா?"

சாச்சி கையை விரித்தார். "அதுதான் அதில பிழை. பழுதாப்போன சாமான, மகன், அனுப்பியிருக்கானுகள். நடுவில ஒரு பட்டி இருக்கு. அதில பிடிச்சுத் தூக்கினா, பொத்தெண்டு ரெண்டா மடிஞ்சி விழுந்துரும். ரெண்டு தரம் தண்ணியெல்லாம் கொட்டின. மறுகா நான் உங்கட சாச்சாட வலைக் கயித்தால இறுக்கிக் கட்டிப்போட்டன். அஞ்சு வருசமா அசையல்ல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பரீனா ஏற்கனவே கத்தியோடு குனிந்துவிட்டாள். வலைக் கயிறு லேசில் அறுகிற கயிறா? உப்பேறி இரும்பாகிக் கிடந்தது. ஏழெட்டு முடிச்சு. கேனை இறக்கி வைத்துவிட்டு, சாச்சி "உடைஞ்சி போகும், உடைஞ்சி போகும்" என்று சுற்றிச் சுற்றி வந்தார். கடைசி முடிச்சும் விட்டது. இருக்கைக்கு நடுவில் இருந்த பட்டியை வலக்கையால் பிடித்துத் தூக்கினேன். பொத்தென்று மடிந்து, என் கையில் ஒரு சூட்கேஸ் மாதிரித் தொங்கியது. கைப்பிடியைப் பிடித்து ஒரு உதறு உதறினேன். விரிந்தது.

"பாத்தீங்களா, பிழைதானே" என்றார் சாச்சி.

"சாச்சி, காலையில இருந்து கல்முனை முழுக்க இந்தப் பிழையத்தான் நாங்க தேடுறம்!" என்றாள் பரீனா. சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். சாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். விலை கேட்டதற்கு ஏசினார். பகல் சாப்பாட்டுக்குப் பாரைமீன் ஆணம், அன்றைக்கு நான் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டேன்.

மூன்றரைக்கு மெயின் ரோட்டுக்கு வந்தோம். பஸ் வருவது தெரிந்ததும் பரீனா ஹனாவை என் வலக்கையில் தந்தாள். மடித்த வண்டிலின் பட்டியை என் இடத்தோளில் மாட்டினாள்.

"நீங்க ரெண்டு பேரும் இதில போங்க. நான் அடுத்த பஸ்ஸுல வாறன்."

"என்ன விளையாடுறியா?"

"இனி நான் இல்லாத நேரம் யாரு உதவிக்கு வாற? இப்பவே பாத்துக்குவம். ஏலாட்டி நான் திங்கக்கிழமை போகல்ல."

பதில் சொல்வதற்குள் கொண்டக்டர் என்னை முதுகில் பிடித்து ஏற்றிவிட்டார். உள்ளே நிற்க இடமில்லை. பஸ் இழுத்தபோதுதான் தெரிந்தது, கடை கடையாக ஏறி அத்தனையையும் சோதித்த நான் ஒன்றை மறந்துவிட்டேன். வண்டில் தோளில், பிள்ளை வலக்கையில், கம்பியைப் பிடிக்க எனக்குக் கை எங்கே? பஸ் வளைந்தது. நான் பின்னால் சாய்ந்தேன். "யா அல்லாஹ், மகள்" என்று கத்தியே விட்டேன்.

"கொண்டாங்க புள்ளைய" என்று ஒரு குரல். நெற்றியில் பொட்டு வைத்த ஒரு அக்கா, திருக்கோவிலுக்குப் போகிறவர், எழும்பாமலே கையை நீட்டி ஹனாவை வாங்கி மடியில் இருத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்த ஐயா என் தோளிலிருந்து வண்டிலைக் கழற்றித் தன் மடியில் வைத்தார். இந்தப் பஸ்களில் இருப்பவர் நிற்பவரின் பையையும் பிள்ளையையும் இப்படித்தான் வாங்கிக்கொள்வார்கள், உன் பெயர் என்ன, ஊர் என்ன என்று கேட்க மாட்டார்கள். எத்தனை வருசமாகப் பார்க்கிறேன்! அன்றைக்குத்தான் அது எனக்கென்று நடந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு விட்டேன்.

"தாய் வரல்லியா?" என்று அந்த அக்கா கேட்டார்.

"பின்னால வாறா. எங்களச் சோதிச்சுப் பாக்கிறா."

"அப்ப பாஸாகத்தான் வேணும்" என்றார். ஹனா அவருடைய காப்பைப் பிடித்து உருட்டிக்கொண்டே வந்தாள்.

பாலமுனையில் ஹனா கதவால் இறங்கினாள், வண்டில் ஜன்னலால் இறங்கியது. பஸ் போய்விட்டது. நானும் மகளும் ரோட்டோரத்தில் நின்றோம். அவளைக் கீழே விட்டு, என் காலுக்கு நடுவில் அணைத்துக்கொண்டு, வண்டிலை உதறி விரித்தேன். தூக்கி இருத்தினேன். பிள்ளையைக் கட்டுகிற பட்டியின் கொளுக்கிதான் வம்பு பண்ணியது. ஒரு பாதியை மற்றப் பாதி பிடித்துக்கொடுக்க வேண்டும். கடைசியில் மடியாத இடக்கையை அடியில் அணைகொடுத்து, அதன்மேல் வைத்து அமத்தினேன். டக்கென்று பூட்டியது. அந்தக் கையை நான் ஏசாத நாளில்லை, அன்றைக்கு ஏசவில்லை.

ஒழுங்கை மணலில் வண்டில் சும்மா ஓடியது. ஹனா காலை ஆட்டிக்கொண்டு எனக்கு விளங்காத பாஷையில் கதைத்துக்கொண்டு வந்தாள். பள்ளிவாசலடியில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிரே வந்த அடுத்த வீட்டுக் காக்கா சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன தம்பி, தனியாவா வாறீங்க?"

"இல்ல காக்கா, மகளோட வாறன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து முக்கால் மணித்தியாலம் கழித்துப் பரீனா வந்தாள். ஹனா வண்டிலுக்குள்ளேயே தூங்கிப் போயிருந்தாள். பரீனா செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பட்டியைத் தொட்டுப் பார்த்தாள், கொளுக்கியை ஆட்டிப் பார்த்தாள், பிள்ளையின் கால் கையையெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. பிறகு நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்முனையில் எல்லாம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போகிறவர்கள் போய்ப் பாருங்கள். ஆனால் வரும்போது சாய்ந்தமருதில் இறங்கி, யாராவது சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றடியையும் ஒரு கண் பார்த்துவிட்டு வாருங்கள்.

"திங்கக்கிழமை காலைல எத்தின மணிக்கு முதல் பஸ்?" என்று பரீனா கேட்டாள்.

"ஆறரைக்கு. நாங்க ரெண்டு பேரும் ரோட்டடிக்கு வந்து உன்ன ஏத்தி விடுறம்" என்றேன்.