கூரையும் குடித்த மீன் எண்ணெய்

கடலில் பிறக்கும், ரயிலேறி மலைக்கு வரும். பூனை கண்டால் நெருங்கும், பிள்ளை கண்டால் ஓடும். அது என்ன?

பிள்ளைகளுக்கு மருந்து ஊட்டி அடி வாங்கியவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். மீன் எண்ணெய்தான். ஐம்பதுகளில் இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் மருந்து கொடுப்பவனாக இருந்தேன்; எல்லாரும் கூப்பிடுவது டாக்டர் என்று. அந்தத் தொழிலில் மருந்து கலக்குவது சுலபம். வாயைத் திறக்கவைப்பதுதான் பாடு.

வெள்ளைச் சட்டை

கொழுந்து பறிக்கும் லெட்சுமி ஒருநாள் தன் மகள் மல்லிகாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு நாலு வயது. முழங்கால் இரண்டும் சிராய்ப்பு. பகலில் தொழிலாளர் வீட்டு வரிசையான லயமெல்லாம் ஓடித் திரிவாளாம். பொழுது மங்கினால் வாசலில் கழிவுநீர் ஓடும் கான் அவள் கண்ணுக்குத் தெரியாது. நேராக அதற்குள் விழுவாள். "போன மாசி காமன் கூத்துக்குத் தூக்கிட்டுப் போனோம்ங்க. ரதியும் தெரியல, மதனும் தெரியல, பந்தம் மட்டுந்தான் தெரியுதுன்னு அழுதா. இந்த வருசமாச்சும் பாத்துருவாளாங்க?" என்று கேட்டாள்.

மாலைக்கண். மீன் ஈரல் எண்ணெயில் கண்ணுக்கு வேண்டிய சத்து நிறைய உண்டு. கீரையும் பப்பாளியும் கொடுக்கச் சொல்லிவிட்டு, அளந்து ஒரு சின்னக் கரண்டி எண்ணெயை நீட்டினேன். லெட்சுமி பிள்ளையின் கையைப் பிடித்தாள், தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா ஆயா மூக்கைப் பிடித்தாள், நான் ஊற்றினேன். உள்ளே போனது அப்படியே என் வெள்ளைச் சட்டைக்குத் திரும்பி வந்தது.

லெட்சுமி முந்தானையால் என்னைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே ஐயாவோட சட்டைக்கு மாலைக்கண்ணே வராதுங்க."

சுப்பையாவின் கத்தி

என்னைக் கண்டாலே பிள்ளை மிரள்கிறதே, வீட்டில் வைத்துக் கொடுக்கட்டும் என்று சின்னப் போத்தல் ஒன்றில் ஊற்றி அனுப்பினேன். போத்தல் சீக்கிரமே காலியாகி வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். மல்லிகாவின் முழங்காலைப் பார்த்தேன், புதுச் சிராய்ப்பு.

அவள் அப்பா சுப்பையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். விசாரித்தபோது ஒளிக்காமல் கத்தியை எடுத்துக் காட்டினார். மலை மழையிலும் அதில் துருவென்று ஒரு புள்ளி இல்லை. மீன் எண்ணெய் இரும்பின்மேல் மெல்லிய ஆடைபோலப் படிந்து ஈரத்தைத் தள்ளிவைக்கும். அவர் செய்ததில் பிழை சொல்ல முடியவில்லை. "பிள்ளைக்குக் குடுத்தது தானேண்ணே?" என்றேன்.

"பிள்ளை மாட்டேங்குதுங்க. கத்தி மாட்டேங்கல."

டீமேக்கர் ருசி பார்த்தது

அடுத்த மழைக்கு முன் லயத்துத் தகரக் கூரைகளுக்குச் சாயம் பூச வேண்டியிருந்தது. அதில் கலக்கப் பெரிய பீப்பாயில் மீன் எண்ணெய் வந்தது. நான் கொடுப்பது போலத் தெளிந்த எண்ணெய் அல்ல. கறுப்பாக, கெட்டியாக, தூரத்திலேயே நாற்றத்தால் தன்னை அறிவிக்கும் எண்ணெய். சவர்க்காரம் காய்ச்சவும், தோல் பதப்படுத்தவும் இந்த ரகம்தான் போகிறது. தோல் என்று நான் சொன்னது தேயிலை பெக்டரி மெக்கானிக் பியதாச பாஸின் காதில் விழுந்துவிட்டது. கொழுந்தை உருட்டும் ரோலரைச் சுழற்றும் தோல் பெல்ட்டுகள் அவரிடம் வெடித்துக் கிடந்தன. ஒரு டின் எண்ணெய் வாங்கிப் போய்ப் பூசினார். பெல்ட்டுகள் புதுசு போல வளைந்தன.

ஆனால் தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையை எல்லாம் தன்னுடையதாக்கிக்கொள்ளும். மறுநாள் பெக்டரியில் தேயிலையின் ருசி பார்க்கும் டீமேக்கர் ஐயா வழக்கம்போல ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினார், துப்பினார், கோப்பையை முகர்ந்தார். பெல்ட்டையெல்லாம் கழற்றித் துடைக்கச் சொல்லிவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார்.

"டாக்டர், இதுக்குப் பால் வேணாம். கொஞ்சம் புளி கரைச்சு ஊத்துங்க, போதும்."

கூரை

சாயம் பூசிய அன்று லயத்துக் கூரை முழுக்கப் பூனைகள். மாசி நெருங்கிக்கொண்டிருந்தது, மல்லிகா இன்னும் ஒரு கரண்டிகூட ஒழுங்காக விழுங்கவில்லை. அந்தப் பக்கம் போன என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். பிறகு மூக்கைச் சுருக்கி, மேலே பார்த்து, மெல்ல வெளியே வந்தாள்.

"எங்க கூரைக்கும் அந்த மருந்தா?"

"ஆமாம்மா. மழைக்குத் துருப்பிடிக்காம இருக்க."

"அழாம குடிச்சிச்சா?"

"சத்தமே இல்லை."

கூரையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தாள். என் பையில் போத்தல் இருந்தது. எடுக்கத் துணிவு வரவில்லை. கடைசியில் அவளே வாயைத் திறந்தாள்.

"அப்ப எனக்கும் ஊத்துங்க. மூக்க நாந்தான் புடிப்பேன்."

காமன் கூத்துக்கு முந்தின அந்தி

அன்றிலிருந்து மூக்கு அவள் பொறுப்பு, கரண்டி என் பொறுப்பு. கூத்துக்கு முந்தின நாள் பொழுது மங்கும் நேரத்தில் லயத்துக்குப் போனேன். லெட்சுமி வாசலில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கானுக்கு இந்தப் பக்கம் நின்று, இரண்டு கையையும் நீட்டினேன். ஒன்றில் எண்ணெய்க் கரண்டி, மற்றதில் கித்துள் கருப்பட்டித் துண்டு.

"விடுங்க லெட்சுமி, வரட்டும்" என்றேன்.

"விழுந்துட்டான்னா, நாளைக்குக் கூத்தப் பத்தி என்னாங்க சொல்லுவேன் அவகிட்ட?" என்றபடி கையை விட்டாள்.

மீன் எண்ணெயால் பயன் உண்டா என்று இன்றைக்கும் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: மல்லிகா கானைத் தாண்டி வந்து கருப்பட்டியை எடுத்துக்கொண்டாள்.