கால் ஊனாம விழுந்தது

நான் பள்ளிக்கூடத்துப் படிய ஒழுங்கா ஏறுனதில்ல, பாறையில நல்லா ஏறுவேன். பெங்களூர்ல ஹெண்ணூர் தாண்டி ஒரு கல்குவாரியில ஞாயித்துக்கெழம பைக் ட்ரையல்ஸ் நடக்கும். கால தரையில ஊனாம பாறைய ஏறி எறங்கணும். ஊனுனா மார்க் போச்சு.

பல வருஷம் டூ-ஸ்ட்ரோக் வண்டி வெச்சிருந்தேன். எறக்கத்துல ஆக்சிலேட்டர விட்டா அது பாட்டுக்கு உருளும். அப்பறம் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குனேன். இந்த வாரம் ஒரு கால்கூட ஊன மாட்டேன்னு எங்க ஏரியா லிங்கராஜபுரம் பூரா சவடால் விட்டேன். மார்க் போட நின்னது என் பொண்டாட்டியோட தம்பி.

உச்சிக்கு சக்கத்தா, சும்மா சூப்பரா ஏறிட்டேன். எறங்கறப்ப பழைய பழக்கத்துல ஆக்சிலேட்டர டப்புன்னு விட்டேன். ஃபோர்-ஸ்ட்ரோக் இஞ்சின் அப்படி விட்டா வண்டிய இழுத்துப் புடிக்கும்னு அப்பதான் தெரிஞ்சுது. வண்டி நின்னுச்சு, நான் மட்டும் போனேன்.

மண்ணத் துப்பிக்கிட்டே கேட்டேன், "மச்சான், கால் ஊனுனனா?"

"இல்ல மாமா, மூஞ்சியத்தான் ஊனுனீங்க. அதுக்கு எவ்ளோ கொறைக்கணும்னு ரூல்ல இல்லையே."

"அப்ப ஃபுல் மார்க் போடு."

சிரிச்சுக்கிட்டே போட்டான். ஒடஞ்ச முன்பல்லு அந்தக் கணக்குல வரல.