ஆறு ஸ்டூல்

எந்த மாநிலத்தில் எந்தத் தொழிலாளர் சட்டம் என்று முதலாளிகளுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. அவர்களில் ஒரு ஜவுளிக்காரருக்கு வாளையார் எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் ஒரு கடை, அந்தப் பக்கம் கேரளத்தின் பாலக்காட்டில் ஒரு கடை.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை போடவேண்டும் என்று கேரளத்தில் சட்டம் வந்தது. சொன்னேன். மறுநாளே ஆறு ஸ்டூல் வாங்கிப் போட்டார். தமிழ்நாட்டுக் கடைக்கும் போடலாமே என்றேன்.

"அங்க சட்டம் இருக்குதுங்களா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்பறம் என்னங்க?"

காலையில் பாலக்காட்டுக் கடையிலும் மதியத்துக்கு மேல் தமிழ்நாட்டுக் கடையிலும் சேலை விரித்துக் காட்டும் பெண் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், வாளையார் தாண்டுனா கால் வலிக்காதுங்களா?"



சில வருஷம் கழித்துத் தமிழ்நாட்டிலும் அதே சட்டம் வந்தது. பாலக்காட்டுக் கடைக்குப் போய், கல்லாவுக்கு முன்னால் நின்றபடியே முக்கால் மணி நேரம் விளக்கினேன். முதலாளி உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். இன்னும் ஆறு ஸ்டூலுக்குப் போன் போட்டார்.

அந்தப் பெண் தன் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரப் போனேன்.

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கும் சட்டம் இருக்குதுங்களா?"

இல்லை. நிமிர்ந்து நின்றேன்.