பட்டை உரித்தவர் பேரன் பார்க்கர்

எங்கள் அப்பா இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். இத்தகைய மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று என்னிடம் பலர் சொன்னார்கள். அப்பாவைப் பற்றி எழுத நல்லது நிறைய உண்டு. ஆனால் அவர் பெயரை வைத்து, அவர் உடல் வீட்டில் இருக்கும்போதே நடந்த பேரத்தை எழுதாமல் விட்டால், மற்றதெல்லாம் வெறும் அலங்காரமாகிவிடும். அருவருப்போடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அரியலூருக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், கோயில் மணி கேட்கும், ஆனால் கோயில் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத காலனியில் பிறந்தார். வீட்டில் மூத்தவர். அவருக்குப் பின் என் சித்தப்பா. இருவர் பெயருக்குப் பின்னாலும் ‘பார்க்கர்’ என்ற ஆங்கிலச் சொல் ஒட்டியிருந்தது. அது வந்த வழியை அப்பா சொல்லியே எங்களுக்குத் தெரியும்.

அப்பாவின் தாத்தா சிறுவாச்சூர்ப் பக்கத்துக் கரட்டுக் காடுகளில் ஆவாரஞ்செடியின் பட்டையை உரித்துக் கட்டுக்கட்டாகத் திருச்சிக்கு வண்டியேற்றியவர். அங்கே தோல்ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், அந்தப் பட்டையை ஊறவைத்த தொட்டிகளில்தான் தோலைப் போடுவார்கள். ஷாப்பை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு, பட்டை கொண்டுவருபவர்களில் யார் எந்த அந்தோணி என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டைக்கு அவர்கள் பாஷையில் ‘பார்க்’. எனவே தாத்தா ‘பார்க்கர் அந்தோணி’ ஆனார். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அந்தச் சொல்லும் கூடவே வந்துவிட்டது.

அப்பா தலையெடுத்துப் படித்தது எளிதாக நடந்ததல்ல. அவருடைய அப்பா சீக்கிரமே இறந்துவிட, கரும்பு வெட்டப் போய்க்கொண்டே படித்தார். தான் படித்து, தம்பியையும் படிக்க வைத்து, ஆங்கில ஆசிரியராகப் பெரம்பலூர்ப் பக்கம் வேலைக்குப் போனார். ஆசிரியர்கள் அறையில் ஒருவர், ‘பார்க்கர்’ என்றால் குரைப்பவர் என்று சொல்லி, அப்பா உள்ளே நுழையும்போதெல்லாம் நாய்போலச் சத்தம் எழுப்புவாராம். மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்பா அகராதிகளைத் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான்.

இங்கிலாந்திலும் அது பழைய தொழில்பெயர்தான் என்று கண்டுபிடித்தார். ஓக் மரப்பட்டையால் தோல் பதனிட்டவர்களை அங்கே அப்படி அழைத்திருக்கிறார்கள். நாற்றம் தாங்காமல் அவர்களை ஊருக்கு வெளியே, ஆறு ஊரைத் தாண்டி ஓடும் பக்கத்தில் குடிவைத்திருக்கிறார்கள். பல தலைமுறைக்குப் பின் தொழில் போனது, நாற்றமும் போனது, பெயர் மட்டும் கௌரவமான குடும்பப் பெயராக நின்றுவிட்டது. இன்னொரு விளக்கமும் உண்டு. சில குடும்பங்களுக்கு அது பிரெஞ்சுக்காரர்கள் வழியே வந்த வேறொரு சொல்லின் திரிபு. அதற்கு ஆட்டிடையன் என்று பொருள்.

“ரெண்டு வழியில வந்த பேரு. நம்மளுது பட்டை வழி,” என்பார் அப்பா. “வெள்ளக்காரன் நாத்தத்தக் கழுவிட்டுப் பேர வச்சிக்கிட்டான். நமக்குப் பேரும் வந்துச்சு, நாத்தமும் போகலன்னுட்டானுங்க.”

அந்தப் பெயரை வைத்துத் தப்பித்துக்கொள்ள அப்பாவுக்கு எத்தனையோ வாய்ப்பு கிடைத்தது. எனக்கு விவரம் தெரிந்து நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனோம். வீட்டுக்காரர் நாற்காலி போட்டார். அவர் மனைவி எவர்சில்வர் டம்ளரில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

“பார்க்கரா? சார் ஆங்கிலோ இண்டியனுங்களா? நெறத்தப் பாத்தா தெரியலீங்களே,” என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

“இல்லீங்க. எங்க தாத்தா ஆவாரம்பட்ட உரிச்சுத் தோல்ஷாப்புக்குப் போட்டவரு. காலனிக்காரங்க நாங்க.”

வீட்டுக்காரரின் சிரிப்பு அப்படியே நின்றது. ஊரிலிருந்து மைத்துனர் குடிவரப்போவது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் ஞாபகம் வந்தது. நாங்கள் வாசலைத் தாண்டியதும் பின்னால் ஏதோ விழும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். நாங்கள் குடித்த டம்ளர்கள் சாக்கடையில் கிடந்தன. அந்த அம்மாள் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதார். அப்பா, “ஆமான்னு சொல்லியிருந்தா தினம் இவங்க மொகத்துல முழிக்கணும். தப்பிச்சோம்,” என்றார்.

கடைசியில் லப்பைக்குடிக்காட்டில் மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் சவூதியில் இருந்தார். அவர் மனைவியிடமும் அப்பா கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “அதுக்கென்ன சார்? எங்க வாப்பாவும் தோல் யாவாரந்தான். சாவிய இப்பவே தரவா, நாளைக்கு வரீங்களா?” என்று அவர் கேட்டார். அப்பா ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தோம். அவரிடம் படித்தவர்கள் இன்று வளைகுடாவிலிருந்து எனக்குப் பேசும்போது, ஆங்கிலத்தைவிட அவர் கோபத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். ஓய்வுக்குப் பின், அம்மா புதைக்கப்பட்ட சொந்த ஊரிலேயே இருப்பேன் என்று திரும்பிவிட்டார்.

சித்தப்பா இஞ்சினியராகி இங்கிலாந்தில் குடியேறினார். அங்கே பார்க்கர் என்ற பெயரைப் பார்த்து யாரும் சாதி கேட்கவில்லை. கேட்காத இடத்தில் உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, சரி. ஆனால் சித்தப்பா அதோடு நிற்கவில்லை. நாங்கள் ஆட்டிடையர் வழி என்றும், எங்கள் முப்பாட்டன் ஒரு வெள்ளைக்காரத் துரை என்றும் சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்தார். ஆட்டுக்கிடா பொறித்த குலச்சின்னம் ஒன்றைக் கடையில் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டினார். எங்களுக்கும் ஒன்று அனுப்பினார். அப்பா அதை இரண்டு விரலால் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அப்பாவுக்குக் குடலில் புற்று என்று தெரிந்தபின் சித்தப்பா பார்க்க வந்தார். கட்டிலருகே செல்போனை நீட்டி, “அண்ணே, புள்ளைங்களுக்காக ஒண்ணு சொல்லிடுங்க. நம்ம தாத்தா துரைக்குப் பொறந்தவருன்னு ஒரு வார்த்த,” என்று கேட்டார்.

நான் அறையில்தான் இருந்தேன். அப்பா அந்தச் செல்போனைக் கையால் தள்ளிவிட்டார்.

“டேய், நோவுல வர்ற கொமட்டல் எனக்குப் பத்தாதா? எங்க தாத்தாவோட அம்மாவ எவன் வூட்டுலயோ கொண்டுபோய் விடச் சொல்றியே, ஒனக்கு நாக்கு கூசல?”

அதன்பின் சித்தப்பாவிடம் அவர் பேசவில்லை. கடைசி நாட்களில் கஞ்சிகூட இறங்கவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றியபடி, விடிந்து சற்று நேரத்தில் எங்களை விட்டுப் பிரிந்தார்.

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம் உங்களில் பலருக்குத் தெரியும். நடுவே ஒரு சுவர், அதில் பெட்டி நுழையும் அளவு இடைவெளி. முன்பக்கம் கோயில் தெருச் சாதிக் கிறிஸ்தவர்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு. முன்பக்க வாசலுக்குப் பூட்டு உண்டு. ஆகவே பின்பக்கத்துக்குப் போக நாங்கள் வாய்க்கால் கரையைச் சுற்றிவர வேண்டும். அடக்கத்தன்று கோயில் தெருப் பெரியவர் ஒருவர் சாவியோடு எங்கள் வாசலுக்கு வந்தார். கூடவே சித்தப்பா.

“பாப்பா, தம்பி எல்லாஞ் சொன்னாரு. நீங்க வெள்ளக்காரத் துரை வம்சமாமே? முன்னயே சொல்லக்கூடாதா? சார முன்பக்கமே வச்சிடலாம். எங்காளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்.”

“எங்கம்மா பின்பக்கம் இருக்காங்களேங்க.”

“அவங்க இருக்கட்டும்மா. அது அப்ப வச்சது.”

எங்களைத் துரை வம்சம் என்று சொன்ன அந்த மனிதர், பேசி முடிக்கும்வரை எங்கள் வாசற்படியில் கால் வைக்கவில்லை. கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. என் மகன் கொடுத்த தண்ணீரை வாங்கவும் இல்லை.

சித்தப்பா என் காதருகே, “கெடைக்கிறதக் கெடுக்காதம்மா. அண்ணன் சாவுலயாவது மரியாதையா போகட்டும்,” என்றார்.

“பொய் சொல்லி வாங்குறது மரியாதையா சித்தப்பா? அப்பா அம்மா பக்கத்துலதான் படுப்பாரு.”

“செத்தவரு என்ன, எந்திரிச்சு வந்து கேக்கவா போறாரு?” என்றார் பெரியவர்.

“அவரு கேக்க மாட்டாருங்க. அதான் நான் கேக்குறேன். முன்வாசல் வழியா எங்கப்பாவத் தூக்கிட்டுப் போயி, பின்பக்கம் எங்கம்மாகிட்ட வைக்கிறோம். நாங்க யாரோ அந்த ஆளுங்களாவே வர்றோம். தொறப்பீங்களா?”

அவர் சாவியை மடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குத்தான் போனோம். பூட்டு தொங்கியது. பங்குத்தந்தை ஆள் அனுப்பியும் சாவி வரவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. வாய்க்கால் கரையைச் சுற்றி, முழங்கால் சேற்றில் அப்பாவைக் கொண்டுபோய் அம்மா அருகில் வைத்தோம். சித்தப்பா கல்லறைவரை வரவில்லை. இந்த மலருக்கு அவர் ஒரு கட்டுரை அனுப்பியிருந்தார். ஆட்டிடையர் கதைதான். அதை அச்சிடவில்லை. அச்சிடாவிட்டால் தன் பெயரும் மலரில் இருக்கக்கூடாது என்றார். அவர் விருப்பப்படியே விட்டுவிட்டோம்.

நோயில் அப்பாவைத் தொட்டுக் குளிப்பாட்டிய என் நாத்தனாருக்கும், லப்பைக்குடிக்காட்டிலிருந்து செய்தி கேட்டதும் குடும்பத்தோடு வந்து நின்றவர்களுக்கும், மழையில் குழி வெட்டியவர்களுக்கும், பூட்டிய வாசலின் முன்னால் நின்றே செபம் சொன்ன பங்குத்தந்தைக்கும், சேற்றில் பெட்டி சாயாமல் தோள் கொடுத்த அப்பாவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சாவி வைத்திருந்த பெரியவருக்கும் இந்த மலரை அனுப்பியிருக்கிறோம். அதில் அவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் நான் எழுதவில்லை. அப்பாவாக இருந்தால் எழுதியிருப்பார்.