ஒரு பிரபல தனியார் சுந்தரமூர்த்தி

“ஒரு பிரபல தனியார் ஓட்டல்ல மசால் தோசை சாப்ட்டேன் சார். எண்ணெய் சரியில்ல” என்று வயிற்றைத் தடவிக்கொண்டே சுந்தரமூர்த்தி நாற்காலியில் உட்காருகிறார். அந்த ஓட்டல் எங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருக்கிறது. அதன் பெயர்ப்பலகை ஜன்னலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயர் இவர் வாயில் வராது. ஓட்டல்காரர் வெள்ளிக்கிழமைதோறும் கால் பக்கம் விளம்பரம் தருகிறவர்.

அல்சூரிலிருந்து வெளிவரும் எங்கள் தமிழ் நாளிதழில் இவர் பதினெட்டு வருடமாக உதவி ஆசிரியர். நான் பிழை திருத்துகிறவன். இவருடைய உண்மையான வேலை பெயர் எடுப்பது. நல்ல பெயர் எடுப்பதைச் சொல்லவில்லை. செய்தியில் இருக்கிற பெயரை எடுப்பது. ஆஸ்பத்திரியில் குழந்தை மாறிப்போனால் ‘ஒரு தனியார் மருத்துவமனை’. சீட்டுக் கம்பெனிக்காரன் கம்பி நீட்டினால் ‘ஒரு நிதி நிறுவனம்’. எங்கள் பத்திரிகையை மட்டும் படிக்கிறவர்களுக்குப் பெங்களூரில் குற்றமெல்லாம் ஊர் பேர் தெரியாத இடங்களில் நடப்பதாகவே தோன்றும். கேட்டால், “சும்னே எதுக்கு சார் வம்பு? பேரு போட்டா அவங்களுக்கும் பேஜாரு, நமக்கும் பேஜாரு” என்பார், பாதி கன்னடத்தில். எடு என்று யாரும் இவரிடம் சொன்னதில்லை. சொல்வதற்கு முன்பே எடுத்துவிடுவார்.

தொண்ணூற்றேழில் ஒரு சாராயக் காண்டிராக்டர் பத்திரிகையை வாங்கினார். (அவர் பெயரை நானும் சொல்லப்போவதில்லை, எனக்கும் சம்பளம் வேண்டும்.) தொண்ணூற்றொன்பதில் சட்டசபைத் தேர்தலில் நின்றார். இதற்குத்தான் வாங்கினார் என்பது அப்போதுதான் எங்கள் மரமண்டையில் ஏறியது. ஒரு மாதம் முழுக்க முதல் பக்கத்தில் முதலாளி கும்பிட்டபடி நின்றார். அவரை எதிர்த்தவருக்குச் சுந்தரமூர்த்தி ‘மற்றொரு வேட்பாளர்’ என்று நாமகரணம் செய்துவிட்டார். முதலாளி தோற்றார். மறுநாள் தலைப்பு: ‘இருபத்தோராயிரம் வாக்குகளை அள்ளினார் நம் அதிபர்!’ கடைசி வரி: ‘மற்றொரு வேட்பாளர் வெற்றி பெற்றார்.’ ஜெயித்தது யார் என்று தெரிந்துகொள்ள எங்கள் வாசகர்கள் கன்னடப் பேப்பர் வாங்கினார்கள்.

அந்தத் தேர்தலுக்குப் பணத்தை இறைத்தது ஒரு கட்டடக் கம்பெனி. ஞாயிறுதோறும் எங்கள் கடைசிப் பக்கம் முழுவதும் அதன் அடுக்குமாடிதான். அடுத்த மார்ச்சில் அடுகோடியில் அதே கம்பெனி கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சாரம் சரிந்து, மூன்றாம் மாடியிலிருந்து பச்சைமுத்து விழுந்தார். சுந்தரமூர்த்தியின் தங்கை யசோதாவின் கணவர். இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. அப்படி ஓர் ஆளே தங்களிடம் வேலை பார்க்கவில்லை என்று கம்பெனி கையை விரித்தது.

யசோதா மர்பி டவுன் வீட்டிலிருந்து நேரே அலுவலகத்துக்கு வந்தாள்.

“அண்ணா, பேப்பர்ல பேரோட ஒரே ஒரு வாட்டி போட்டுடு. நாலு பேருக்குத் தெரிஞ்சா, ஆஸ்பத்திரி செலவாவது குடுப்பான். உன்ன நான் வேற எதுவும் கேட்டதில்ல.”

“போடறேம்மா. போடாம இருப்பனா?” என்றார். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை.

அன்று ராத்திரிப் பதிப்புக்கு எழுதித் தந்தது இது: ‘அடுகோடியில் பிரபல தனியார் நிறுவனம் ஒன்றின் கட்டுமானப் பணியின்போது கூலித் தொழிலாளி ஒருவர் தவறி விழுந்து காயமடைந்தார்.’ செய்தியில் சாரம்கூடச் சரியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘பிரபல’வுக்குப் பிறகு ஒற்று மிகுமா மிகாதா என்று யோசித்தேன்; அச்சுக்கு அனுப்பிவிட்டேன். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

மறுநாள் யசோதா பேப்பரோடு வந்தாள். கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து முடித்தாள்.

“கம்பெனி பேரு போட பயம். சரி. எம் புருசன் பேரு எங்கண்ணா?”

“அதாம்மா, ‘ஒருவர்’னு இருக்கே.”

“அவரு உங்களுக்கு விளம்பரம் குடுக்கலயே. அவரு பேர எதுக்கு எடுத்த?”

“என் மச்சான்னு மேல தெரிஞ்சா…” என்று இழுத்தார்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அழுதிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு மனுவை எடுத்து மேசையில் விரித்தாள். கன்னடத்தில் முத்து முத்தாக எழுதியிருந்தாள்.

“லேபர் ஆபீசுக்கு. எல்லாத்தையும் நானே எழுதிட்டேன். கம்பெனி பேருக்கு மட்டும் எடம் உட்டிருக்கேன். அத நீ எழுதணும். உன் கையால.”

சுந்தரமூர்த்தி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிப் பைக்குள் செருகிவிட்டு, என் மேசையில் கிடந்த ரப்பர் வைத்த பென்சிலை எடுத்தார்.