உறங்கும் மன்னரும் மாவு மில் தளபதியும்

தன் தோல்வியைத் தானே முன்வந்து, முகம் கோணாமல், பிறர் சுவைக்கும்படி எடுத்துரைப்பது ஓர் அறம். ஈகையையும் பொறையையும் போற்றிய அளவுக்குப் பெரியோர் இதனைப் போற்றவில்லை. காண்பது அரிது என்பதாலோ என்னவோ. இவ்வறம் வடக்குப்பட்டு மாவு மில் தாண்டவராயனைத் தேடி நெடுங்காலம் அலைந்தது. அது முன்வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவர் பின்வாசல் வழியே வெளியேறிக்கொண்டிருந்தார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவ்வூர்ப் படிப்பகத்தின் வெளிச்சுவரில் நீண்ட கரும்பலகை ஒன்று இருந்தது. படிப்பகத்தைக் கவனித்துவந்த நரசிம்மன் அதில் ஒரு விளையாட்டைத் தொடங்கிவைத்தார். ஏரியின் இரு கரையிலும் இரண்டு நாடுகள். இரண்டுக்கும் தீராப் பகை. ஆடுவோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது பேசுவதையும் செய்வதையும் சாக்கட்டியால் எழுத வேண்டும். அதைப் படித்தவர் தம் பாத்திரத்தின் மறுமொழியைக் கீழே எழுதுவார். மாலையில் ஊர் கூடிப் படிக்கும். காலையில் நரசிம்மன் ஈரத்துணியால் துடைப்பார். கதை மேலே நடக்கும். மழை, காற்று, குடிமக்கள் யாவும் நரசிம்மன் பொறுப்பு. மேற்கரை மன்னர், பாலர் பள்ளி ஆசிரியை ராஜம்மா. மன்னரின் ஒற்றன், பஸ் கண்டக்டர் தாவீது. கீழ்க்கரைத் தளபதி யாரென்று சொல்லவும் வேண்டுமோ? தாண்டவராயன்.

ராஜம்மா இரண்டு வரி எழுதினால், மன்னருக்கு முதுகுவலி என்பதுவரை விளங்கிவிடும். தாவீதின் ஒற்றன் பொய் சொல்வது ஊருக்கெல்லாம் தெரியும். ஒற்றனுக்கு மட்டும் தெரியாது. தாண்டவராயனோ, தளபதி குதிரைமேல் ஏறுமுன்பே பாதிப் பலகையை அடைமொழிகளால் நிரப்பிவிடுவார். மில்லின் பெல்ட் ஓடும் தாளத்துக்கே அவற்றைக் கட்டிக்கொண்டு வருவார். அத்தளபதிக்குக் காயம் படாது, பசி எடாது. எதிரியின் அம்பு பாதி வழியில் நாணித் திரும்பிவிடும்.

“அண்ணே, உன் தளபதிக்கு ஒரு காய்ச்சலாவது வருமா?” என்று தாவீது ஒருநாள் கேட்டான்.

“வரும்டா. வந்து, அவர் மீசையைப் பார்த்துட்டு ஓடிப்போவும்.”

பலகைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் போகிறவர் தம் பாத்திரத்தை உறங்கவைத்துவிட்டுப் போவார். அவரே திரும்பிவந்து எழுப்பும்வரை அவ்வுறக்கத்தை எவரும் தீண்டலாகாது. இன்னொன்று: பிழையாக எழுதியதை வாயால் மறுத்துப் பயனில்லை, கதைக்குள்ளேயே அதைச் சீர்செய்ய வேண்டும்.

ராஜம்மாவைப் பயிற்சிக்காகக் காஞ்சிபுரத்துக்கு அழைத்தார்கள். ‘மன்னர் கூடாரத்தில் உறங்குகிறார். விளக்கை அணைத்துவிடுங்கள்’ என்று எழுதிவிட்டு அவர் பஸ் ஏறினார். தாண்டவராயன் சில நாள் பொறுத்தார். அவரைப் பொறுத்தவரை அது பெருந்தவம். பிறகு ஒரு மாலை, அவருடைய தளபதி கூடாரத்துக்குள் பாய்ந்து, ஒரே வீச்சில் மன்னர் தலையைத் துண்டித்தான். விண்ணவர் பூமாரி பொழிந்தனர். எம்மழையும் நரசிம்மன் பொறுப்பு என்பதையும் அந்த வேகத்தில் அவர் மறந்துபோனார்.

“தூங்கறவரையா வெட்டுவ, தாண்டவராயா?” என்றார் நரசிம்மன்.

“அவங்க பாட்டுக்குத் தூங்கிக்கினே கீறாங்க. நான் எத்தினி நாளு வாளைத் தீட்டிக்கினே குந்தியிருக்கிறது?”

“சரி. டீச்சர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வர்றாங்க. தளபதி உனக்கேவா, வேற ஆளுக்கான்னு அவங்க சொல்லட்டும்.”

மறுநாள் தாவீது எழுதினான்: ‘கூடாரத்தில் பூனை ஒன்று புகுந்து ஓடியது. மன்னர் புரண்டு படுத்தார்.’ சினந்த தளபதி, சிங்கமென முழங்கினான். அம்முழக்கத்துக்கு மறுமொழியாக, ‘எங்கோ ஒரு கதவு கிறீச்சிட்டது’ என்று மட்டும் நரசிம்மன் எழுதினார். அதன்பின் கதையில் தளபதி எதிரே வந்து நின்றாலும் ஒருவர் கண்ணுக்கும் தென்படவில்லை. குடிமக்கள் அவனை ஊடுருவி நடந்தார்கள். மில்லுக்கு வந்தவர்களும் விட்டுவைக்கவில்லை.

“கண்ணுக்குத் தெரியாதவரே, மொளகாயைக் கொஞ்சம் நைசா அரைச்சிக் குடுங்க” என்றாள் ஒருத்தி.

தாண்டவராயன் சிரித்து வைத்தார், உள்ளே எரிந்தது. பகலெல்லாம் பிறர் மூட்டையைக் கொட்டி அரைத்துக் கொடுப்பவரை, மாலையில் குதிரைமேல் ஏற்றிவைத்தவன் அந்தத் தளபதி. அவனை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்று பலகையைப் படிப்பதை அவரால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. வெட்டியது மன்னரையன்று, மன்னர் வேடமிட்டவனை என்று எழுதலாமா? அப்போதும் உறங்கியவனை வெட்டியவன் வெட்டியவன்தானே.

வெள்ளிக்கிழமை நண்பகல் உணவுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி முனியம்மாள் சோறு போட்டாள்.

“இன்னாய்யா, சோத்தைப் பார்த்து முழிச்சிக்கினு கீற?”

“தளபதியைப் புடுங்கிக்குவாங்க போலகீது.”

“தோத்துட்டேன்னு எழுதிட்டுப் போயேன்.”

“தளபதி தோக்கலாமாடி?”

“வூட்டுல தெனம் தோத்துக்கினுதானே கீற? புதுசாவா கத்துக்கணும்?” என்றவள், அவர் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரித்தாள். “மொதல்ல மீசையைத் தொடை. மாவு அப்பிக்கினு கீது. தெருவெல்லாம் நெஞ்சை நிமித்திக்கினு இப்டியேவா வந்த?”

“ஒருத்தரும் சொல்லலியே.”

“உன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு யாரு வாங்கிக் கட்டிக்கிறது?”

தாண்டவராயன் மீசையைத் துடைக்கவில்லை. விரலால் தடவி, ஒட்டிய வெண்பொடியைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு சோற்றை மளமளவென்று அள்ளி உண்டு, கை கழுவி, படிப்பகத்தை நோக்கி நடந்தார். மீசையில் மாவு அப்படியே இருந்தது.

பலகையில், வாழ்வில் முதன்முறையாக, ஓர் அடைமொழியும் இல்லாமல் எழுதினார்:

‘கூடாரத்தில் விளக்கு அணைந்திருந்தது. நான் வெட்டியது மன்னரின் பக்கத்தில் கிடந்த தலையணையை. பூமாரி என்று நான் சொன்னது அதன் பஞ்சு. மன்னர் புரண்டு படுத்ததும் ஓடிவந்துவிட்டேன். வெற்றி என்று பாசறையில் முழங்கினேன். என் மீசையெல்லாம் பஞ்சு. வீரர்கள் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. வாளைக் கீழே வைத்துவிட்டுக் கூடார வாசலில் நிற்கிறேன். மன்னர் விழிக்கட்டும்.’

மாலையில் தாவீதின் பஸ்ஸிலேயே ராஜம்மா வந்திறங்கினார். நடந்தது அனைத்தையும் தாவீது டிக்கெட் கிழித்தபடியே சொல்லி முடித்திருந்தான். ராஜம்மா பலகையை இருமுறை படித்தார். தாண்டவராயன் சற்றுத் தள்ளிச் சைக்கிள்மேல் சாய்ந்து, தமக்கும் அதற்கும் தொடர்பில்லாதவர்போல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ராஜம்மா எழுதினார்: ‘மன்னர் விழித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார், இருந்தது. தலையணையைத் தைத்து முடித்தபின் தளபதி உள்ளே வரலாம் என்றார்.’

தாவீது அவர் கையிலிருந்த சாக்கட்டியை வாங்கினான். ‘ஒற்றன் ஊசியில் நூல் கோத்துத் தளபதியிடம் நீட்டினான்.’

கூட்டம் ஆரவாரித்தது. தளபதி மீண்டும் கண்ணுக்குத் தெரியலானான்.

“தளபதி யாருக்கு, டீச்சர்?” என்று நரசிம்மன் முறைப்படி கேட்டார்.

“யாரு தைக்கிறாரோ, அவருக்கு.”

அந்தத் தையல் மூன்று மாலை நடந்தது. தளபதி இரண்டு விரலில் குத்திக்கொண்டான்; அவன் உடலிலிருந்து வந்த முதல் குருதி அதுதான். பின்னாளில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. குதிரையும் ஒருமுறை கீழே தள்ளியது. எப்போது விழுவான் என்று காண்பதற்கே சேரப்பணஞ்சேரியிலிருந்து ஆள்கள் சைக்கிளில் வந்தார்கள். அடைமொழிகள் அடியோடு ஒழிந்தன என்று சொல்ல மாட்டேன். பெருமாளே தம் ஆபரணங்களை ஒரேநாளில் களைவதில்லை. மாவு மில்காரர் எம்மாத்திரம்?

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவன் அவ்வீட்டைக் காத்தருள்வானாக. அவர்கள் பானையில் அரிசியும், முனியம்மாள் நாவில் சொல்லும் என்றும் குறையாதிருக்கட்டும். தாண்டவராயன் நாள்தோறும் அவளிடம் தோற்று, அத்தோல்வியை வாயாரச் சொல்லி, மக்களும் பேரரும் சிரித்து மகிழப் பல்லாண்டு வாழ்க.